இளஞ்சிவப்பு தெரியாத மூன்று வருடங்கள்

பி.எஸ்சி. வேதியியலில் முதல் செய்முறை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை மிகச் சின்னது. கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் அமிலமும் இரண்டு துளி பினால்ப்தலீனும் இருக்கும். மேலே நிற்கும் பியூரெட் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எந்தச் சொட்டில் அந்தத் திரவம் இளஞ்சிவப்பாக மாறுகிறதோ அங்கே நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். "பேல் பிங்க், ஜஸ்ட் பேல் பிங்க்" என்று மேடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்தப் பேல் பிங்க்குக்காகக் காத்திருந்தேன். பத்து மில்லி போயிற்று. பதினைந்தும் தாண்டியது. தண்ணீரில் லேசாக அழுக்குப் படிந்த மாதிரி ஏதோ தெரிந்தது. குடுவையைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் விட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். மும்பைப் புறநகர் முலுண்டிலிருந்து லோக்கல் ட்ரெயினில் வருகிறவள். அப்பா, அம்மா இருவரும் ஆபீஸ் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். வருகைப் பட்டியலில் எனக்கு அடுத்த எண் அவளுடையது என்பதால் மூன்று வருடமும் என் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தோம்.

"இது என்ன, ரோஸ் மில்க்கா? எப்பவோ தாண்டிடுத்தே. ஏன் இன்னும் விட்டுண்டே இருக்கே?" என்றாள்.

அவள் குடுவையைப் பார்த்தேன், என்னுடையதைப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் கூடுதல் அழுக்காக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு முன்னால் எனக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் செய்முறை என்றால் ஒரு மேஜையைச் சுற்றி நாற்பது பேர் நிற்போம். யாரோ ஒருவர் செய்வார், மற்றவர்கள் ஜர்னலில் எண்களைப் பார்த்து எழுதிக்கொள்வோம். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பது, கீழே எரிந்தால் போவது. சட்டை எதுவானாலும் போட்டுக்கொள்வது. தாராவியில் எங்கள் சந்தில் ஒருவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று இன்னொருவர் கேட்டதில்லை.

அந்த முதல் மாதத்தில் நான் கவனக்குறைவானவன் என்றுதான் நானே நம்பினேன். இன்னும் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைத்துப் பார்த்தேன், ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். எல்லோருடைய அளவும் பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி மூன்று என்று காதில் விழும். நானும் பத்து புள்ளி இரண்டு என்று எழுதிவிடுவேன்.

மாட்டிக்கொண்டது சுடர்ச் சோதனையில். ஒரு உப்பைக் கொடுத்து அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு கம்பியில் அந்த உப்பைத் தொட்டுப் பர்னர் சுடரில் காட்டினால் சுடரின் நிறம் மாறும். கால்சியம் என்றால் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் என்றால் கருஞ்சிவப்பு, பேரியம் என்றால் ஆப்பிள் பச்சை. புத்தகத்தில் இருந்ததை மனப்பாடமாகச் சொல்வேன். மேடம் என் மேஜைக்கு வந்து, கம்பியை அவரே சுடரில் பிடித்து, என்ன நிறம் என்று கேட்டார். பார்த்தேன். மஞ்சள் என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மறுபடி பிடித்தார். நான் மறுபடி மஞ்சள் என்றேன். பச்சையாய் எரிகிற சுடரைப் பார்த்து மஞ்சள் என்கிறான், விளையாடுகிறான் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். என் ஜர்னலில் 'ரிபீட்' என்று எழுதி வெளியே போகச் சொன்னார்.

அன்று மதியம் லைப்ரரி மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தேடினேன். நிறக்குருடு சோதனை என்று புள்ளிகளால் ஆன வட்டங்கள் வந்தன. வட்டத்துக்குள் ஒரு எண் ஒளிந்திருக்குமாம். முதல் வட்டத்தில் பன்னிரண்டு என்று எனக்கும் தெரிந்தது, மனம் லேசாயிற்று. இரண்டாவது வட்டத்தில் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. மூன்றாவதிலும் அப்படியே. முலுண்ட்காரி டிபன் டப்பாவோடு என்னைத் தேடி வந்தாள். போனை அவளிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே, "எட்டு, ஆறு, இருபத்தொன்பது, அம்பத்தேழு" என்று கடைப் பலகையைப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டே போனாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியலையா?"

தெரியவில்லை என்றேன். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். டிபார்ட்மெண்டில் சொல்லிவிடலாம், இல்லையென்றால் இந்த வருடத்தோடு வேறு கோர்ஸுக்கு மாறிவிடலாம் என்றாள். நியாயமான யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பா செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மூட்டை கட்டும் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்களுக்கு ஒரே அறையும், ஏணி வைத்து ஏறும் மேல்தட்டும். நான் பன்னிரண்டாவது முடித்தபோது எனக்கு காமர்ஸ் போதும் என்றுதான் இருந்தது. கெமிஸ்ட்ரி என்பது அப்பாவின் முடிவு. அதை அவர் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே கிளம்பு என்றார். சயானில் பஸ் மாறிப் போனோம். தொழிற்சாலையின் பின்பக்க வேலியோரம் நடந்து ஓரிடத்தில் நின்றார். உள்ளே ஒரு தாழ்வான கட்டடம், ஜன்னல்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் நடமாடினார்கள்.

"அந்தா பாத்தியா, அதுதாம் லேபு. இத்தன வருசத்துல அதுக்குள்ள நா ஒரு தடவ கூட கால் வச்சதில்லல. வாசல்ல சாம்பிள் பாட்டில வச்சிட்டு வந்திரணும். ஒரு நா நீ உள்ள இருந்து அந்த பாட்டில எடுக்கணும், கேட்டியா?" என்றார்.

காற்றில் ஏதோ புளித்த நெடி இருந்தது. நான் தலையாட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் எப்படிப் போயிற்று என்றால், ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்ட மாதிரி. முலுண்ட்காரியும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவளுக்குக் கணக்கு வராது. இயற்பியல் வேதியியலில் வரும் வகைக்கெழு, தொகையீடு எல்லாம் பார்த்தாலே நோட்டை மூடிவிடுவாள். அதை நான் போட்டுக் கொடுப்பேன். என் நிறங்களை அவள் பார்த்துச் சொல்வாள். நிறம் மாறும் நேரத்தில் மெதுவாக இருமுவாள். ஒருமுறை அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்துவிட, எந்த இருமலை நம்புவது என்று தெரியாமல் பியூரெட்டைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவள் விடுப்பு எடுக்கும் நாட்கள்தான் பயங்கரமானவை. காலையில் கல்லூரி வாசலில் நின்று, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் கூட்டத்தில் அவள் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் அடுத்த ட்ரெயின் கூட்டம் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

எங்கு திரும்பினாலும் நிறம்தான். நிக்கல் இருந்தால் ரோஜா சிவப்பு வீழ்படிவு. இரும்பு இருந்தால் ரத்தச் சிவப்பு. கரிம வேதியியலில் சர்க்கரை இருந்தால் நீலக் கரைசல் செங்கல் நிறமாகும், அனிலீன் இருந்தால் செஞ்சாயம் உண்டாகும். எனக்கு எல்லாம் பழுப்பின் நாலைந்து தினுசுகள். அதனால் சோதனைகளை வேறு வழியில் செய்யப் பழகினேன். பேரியமா கால்சியமா என்று சுடரைப் பார்க்காமல், எந்தக் கரைசலில் எது கரையும், எது கரையாது என்று பிரித்துப் பிரித்து முடிவுக்கு வருவேன். மற்றவர்கள் கால்மணி நேரத்தில் முடிப்பதை முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். லேப் உதவியாளர் பர்னர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்பார்.

இதில் எனக்கே புரியாத ஒன்று, பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் நிறம்தான். இரண்டாம் வருடத்தில் உலோக அணைவுச் சேர்மங்கள் பற்றி ஒரு பாடம். தாமிர சல்பேட் ஏன் நீலம், நிக்கல் உப்பு ஏன் பச்சை, எலக்ட்ரான் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தாவும்போது ஒளியின் எந்தப் பகுதி விழுங்கப்படுகிறது, மிச்சம் எது நம் கண்ணுக்கு வருகிறது என்று போகும். அந்தத் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. என்னை வெளியே அனுப்பிய மேடமே என் விடைத்தாளைப் படித்துக் காட்டினார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றாவது எழுந்து போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அதற்குள் பெரிதாகியிருந்தது. நாளாக நாளாக விஷயத்தைவிட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாக வளர்ந்துவிட்டது.

மூச்சு விட முடிந்தது இயற்பியல் வேதியியல் லேபில் மட்டும். அங்கே அதே அமிலம், அதே காரம்தான். ஆனால் நிறத்துக்குப் பதில் ஒரு மீட்டர் இருக்கும். ஒவ்வொரு மில்லிக்கும் மின்கடத்தல் எவ்வளவு என்று முள் காட்டும். எண்களைக் கிராப் தாளில் குறித்தால் ஒரு கோடு இறங்கி வரும், இன்னொரு கோடு ஏறிப் போகும், இரண்டும் சந்திக்கும் இடம்தான் முடிவுப்புள்ளி. முதல் தடவை அந்தச் சந்திப்பை அளவுகோலால் போட்டபோது, யாருடைய இருமலும் இல்லாமல் நானே கண்டுபிடித்த அளவு அது என்று ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் அது. மற்ற நாட்களில் பழையபடி.

மூன்றாம் வருடத்தில் செய்முறைக் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். முலுண்ட்காரிக்குக் காலைக் குழு, எனக்கு மதியக் குழு. மாற்றித் தரச் சொல்லி இருவரும் எழுதிக் கொடுத்தோம். காரணம் என்ன என்ற இடத்தில் ட்ரெயின் நேரம் என்று எழுதினாள் அவள். நடக்கவில்லை. அந்த வருடம் முழுக்க நான் தனியாகத்தான் நின்றேன்.

இறுதிச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு துத்தநாகக் கரைசல். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அடர்த்தி என்பதால் பக்கத்தில் சொல்வதைக் கேட்டு எழுதவும் வழியில்லை. ஐந்து முறை செய்தேன். எங்கெல்லாம் கொஞ்சம் வெளிச்சமாக ஆனதுபோலத் தோன்றியதோ அங்கெல்லாம் நிறுத்தி, ஐந்தையும் கூட்டிச் சராசரி போட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தச் சராசரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு வாய்மொழிக் கேள்வியாக, அந்த நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்டார். விளக்கினேன். உலோகம் முதலில் எதைப் பிடித்திருக்கிறது, பிறகு எது வந்து அதைப் பறிக்கிறது, தனியாக விடப்பட்ட நிறங்காட்டி ஏன் நீலமாகத் தெரிகிறது என்று எல்லாம் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் கேட்டார். அளவில் போன மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதிலுக்குக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. தேறிவிட்டேன்.

முடிவுகள் வந்த மறுவாரமே அப்பா தன் சூப்பர்வைசரிடம் சொல்லி, சூப்பர்வைசர் லேபில் சொல்லி, பயிற்சிக் கெமிஸ்ட் வேலைக்கு என்னை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். மெடிக்கல் மட்டும்தான் பாக்கி என்றார்கள். மெடிக்கல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் போனில் அந்தப் புள்ளி வட்டங்களை வைத்துக்கொண்டு எத்தனையாவது வட்டத்துக்கு என்ன எண் என்று வரிசையாக மனப்பாடம் செய்தேன். தனிமங்களின் அட்டவணையைக் கூட அப்படிப் படித்ததில்லை.

மருத்துவ அறையில் உயரம் பார்த்தார்கள், நெஞ்சு பார்த்தார்கள். பிறகு டாக்டர் மேஜையிலிருந்து அந்தப் புள்ளி வட்டங்கள் அச்சிட்ட புத்தகத்தை எடுத்தார். எடுத்தவர் நடுவில் எங்கோ திறந்தார். நான் மனப்பாட வரிசைப்படி பன்னிரண்டு என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பின்பக்கமாக இரண்டு தாள் தள்ளினார். எட்டு என்றேன். அவர் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார்.

"யாத் கர்கே ஆயா ஹை க்யா?" என்றார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாயா என்று. அவர் குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்று சொன்னேன். முலுண்ட்காரியைத் தவிர வேறொருவரிடம் இந்த விஷயத்தில் நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே குழாய்களுக்கும் சிலிண்டர்களுக்கும் நிறம்தான் அடையாளம், தெரியாமல் உள்ளே விட்டால் ஆளே போய்விடும் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே படிவத்தில் ஒரு கட்டத்தில் கோடு போட்டார்.

அப்பா சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் காத்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், முதல் வருடத்திலிருந்து. நான் முடித்ததும் ரோட்டைக் காட்டினார்.

"அந்தா வருதுல்லா, அந்த பஸ்ஸு என்ன கலரு?"

"செவப்பு."

"இந்த மரம்?"

"பச்ச."

"பொறவு என்ன? எல்லாம் தெரியுதுல்லா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. பஸ் சிவப்பு என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் சிவப்பு என்கிறேன், பார்த்து அல்ல என்று புரியவைக்க வேண்டியிருந்தது. அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சங்கு ஊதியதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து அவரே சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தாம்" என்றாள்.

அப்பா திரும்பினார். "என்னது?"

மாமா கோவில்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். இளம் வயதில் ரயில் ஓட்டும் வேலைக்கு எழுதித் தேறி, கண் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவராம். எழுத்துத் தேர்விலேயே தோற்றுவிட்டதாக ஊரில் சொல்லிவிட்டார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அம்மா. எனக்கு ஆறு வயதில் நான் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டியதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் கிரேயான் குச்சியின் மேல் சுற்றியிருக்கும் தாளில் பெயரைப் படித்துவிட்டு எடுக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்ட வருவதற்காகத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சிருந்துமா இவன கெமிஸ்ட்ரியில சேக்கும்போது சும்மா இருந்த?" என்று அப்பா கேட்டார்.

"கெமிஸ்ட்ரியில கலரு பாக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நா என்ன கண்டேன்? வெளிய சொன்னா புள்ளைய ஒரு மாதிரி பாப்பாவன்னுதாம் இருந்தேன்" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை. பானையை அடுப்பில் வைத்தாள். எங்கள் அறையில் மூன்று பேர் கோபமாக இருப்பதற்கு இடமில்லை. அப்பா ஏணியில் ஏறி மேல்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். பத்துப் பதினைந்து நாள் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடமும் அதிகம் பேசவில்லை. நானும் அம்மாவும் ஒரே அறைக்குள் தனித்தனியாக ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தோம் என்பதும், யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும் என்பதும் எனக்கு அந்த நாட்களில்தான் உறைத்தது.

இப்போது நவி மும்பையில் நெருளில் தண்ணீரையும் உணவையும் சோதிக்கும் ஒரு லேபில் இருக்கிறேன். நேர்முகத்தில் முதல் வாக்கியமாகவே கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கருவிப் பிரிவில் போட்டார்கள். மெஷின் வரையும் கோடுகளைப் படிப்பது என் வேலை. நாலு வருடமாக அதே நாற்காலி. போன மாதம் மேல் பதவிக்குக் கேட்டபோது, அதற்குக் கைச்சோதனைப் பிரிவில் ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அங்கே எல்லாமே குடுவையும் நிறமும். என்னால் முடியாது என்றேன். அப்படியென்றால் இங்கேயே இருங்கள் என்றார்கள். தன்மையாகத்தான் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது என்று. அவர் ஒரு தட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

"சரி, கைய கழுவிட்டு வா. சாப்பிடு" என்றார்.